சொல்பவருக்கு நட்டமில்லாத அறிவுரை

வேளாண் விரிவாக்கப் பணி என்றால் ஆராய்ச்சி நிலையத்தின் முடிவுகளை உழவரிடம் கொண்டு சேர்க்கும் அஞ்சல் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அறிவுரை சொல்பவருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். அதைக் கேட்டு விதைத்தவருக்கோ ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த பருவத்துக்கு விதை வாங்கவே வழியிருக்காது. உழவரின் தயக்கத்தை அறியாமை என்று எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதேயில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் அமெரிக்க வேளாண் அறிஞர் சீமன் நாப். அரசே நடத்தும் மாதிரிப் பண்ணையை அக்கம்பக்கத்து உழவர்கள் நம்புவதில்லை என்பதைக் கண்ட அவர், 1903இல் டெக்சாஸின் டெரல் நகருக்கு அருகே வால்டர் போர்ட்டர் என்ற உழவரின் சொந்த நிலத்திலேயே செயல்விளக்கத் திடலை அமைத்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட உள்ளூர் வணிகர்கள் முன்பே ஒரு நிதியைத் திரட்டி வைத்திருந்தனர். போர்ட்டருக்கு இலாபமே கிடைத்ததால் அந்த நிதியைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆனால், அது இருந்ததால்தான் அவரால் துணிய முடிந்தது என்று நான் கருதுகிறேன்.

1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் இந்த விரிவாக்கப் பணியை அமெரிக்கா முழுவதற்கும் விரித்தபோது வேளாண்மையோடு மனையியலையும் சேர்த்தது. அதைப் பெண்களுக்கான ஒப்புக்குச் சேர்த்த பிரிவாகக் கருதுவது தவறு. அறுவடையில் எவ்வளவு விற்பது, எவ்வளவு வீட்டுக்கு வைப்பது, விதையை எப்படிப் பூச்சி அரிக்காமல் காப்பது என்பதெல்லாம் வீட்டுக்குள் முடிவாகும் வேளாண்மைதான். களையெடுப்பதும் விதை காப்பதும் பெண்களாக இருக்க, பயிற்சிக்கான அழைப்பு மட்டும் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே போவது இன்றும் தீராத குறை.

பக்கத்து வயலில் பார்த்து நம்புவதற்கும் அடுத்த படி, தானே ஆராய்ந்து அறிவது. இந்தோனேசியாவில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் நெற்பயிரைத் தாக்கியபோது, பூச்சிக்கொல்லியே சிலந்திகளையும் பிற இயற்கை எதிரிகளையும் அழித்துப் புகையானைப் பெருகவிட்டது தெரியவந்தது. 1986இல் 57 பூச்சிக்கொல்லிகள் நெல்லுக்குத் தடை செய்யப்பட்டன. ஆனால் தடை ஆணை வயலுக்குள் இறங்கி இலையைப் புரட்டிப் பார்க்காதல்லவா? 1989இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அந்த வேலையைச் செய்தன. பருவம் முழுவதும் வாரம் ஒருநாள் கூடிய உழவர்கள் பயிரின் தூரில் இருந்த பூச்சிகளை எண்ணி, தீயவை எவை, நன்மை செய்பவை எவை என்று தாளில் வரைந்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதைத் தாங்களே விவாதித்து முடிவெடுத்தனர். பூச்சிக்கு வரப்பு தெரியாது என்பதால், ஊரே சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் ஒவ்வொருவரின் வயலையும் காத்தது.

இப்போது கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன. மழை முன்னறிவிப்புக்கும் சந்தை நிலவரத்துக்கும் அவை நல்ல துணைதான். எனினும், விரிவாக்க அலுவலரின் பணியை எத்தனை பேருக்குக் குறுஞ்செய்தி போனது, எத்தனை கூட்டம் நடந்தது என்று மட்டும் அளந்தால் முக்கியமான ஒன்று விடுபட்டுப்போகும். தாம் பரிந்துரைத்த இரகம் விளையாமல் போன வயலுக்கு அவர் அறுவடைக்குப் பிறகு மறுபடி சென்றாரா என்பதற்கும் அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும்.