காரைக்காலில் அந்த ஆறு மாதம்

பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் காரைக்காலிலும் வாக்குச்சாவடி உண்டு. ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரையின் கீழ், இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்கள். இதைச் சொல்தா பென்ஷனுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்களின் ஓய்வூதியத்துக்கு, ஆசைப்பட்டவர்களின் கதையாக மட்டும் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பகுதிகளை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசட்டும்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவிடம் வந்துவிட்டது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16இல். புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றுமுதல் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஆயிரம் பேர்தான் கொடுத்தார்கள்.

பக்கத்துத் தரங்கம்பாடியை டென்மார்க் 1845இல் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றே விட்டது. குடியிருந்தவர்களுக்குத் தேர்வு எதுவும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் 1962 பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பிறந்த ஊரை அளவுகோலாக வைத்தார்களே, அதுதான் உறுத்துகிறது. நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். காரைக்காலில் வாழ்க்கைப்பட்ட பெண் நன்னிலத்துக்கோ நாகூருக்கோ போய்த்தான் முதல் பிள்ளையைப் பெற்றிருப்பாள். அப்படி வெளியில் பிறந்து, பெற்றோர் வழியில் பிரெஞ்சுக் குடிமகனாகிக் காரைக்காலில் குடியிருந்த அண்ணனைப் பற்றி ஒப்பந்தம் பேசவே இல்லை. எதையும் எழுதிக் கொடுக்காமலே அவர் பிரெஞ்சுக்காரராக நீடித்தார். காரைக்காலிலேயே பிறந்த தம்பி, கையெழுத்துப் போடாததால் இந்தியரானார். எந்த ஊரில் பிரசவம் பார்த்தார்கள் என்பதில் உடன்பிறந்தவர்களின் நாடு பிரிந்துபோவது என்ன நியாயம்?

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைக்கு அப்பாவின் முடிவே முடிவு. அவர் கையெழுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையில் நீடித்த பிள்ளை, 18 வயதானதும் ஆறு மாதத்துக்குள் இந்தியக் குடியுரிமைக்கு மாறலாம் என்று 5ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அப்பா பேசாமல் இருந்ததால் இந்தியரான பிள்ளைக்கு மறுபக்கம் போக அப்படி ஒரு வழி ஒப்பந்தத்தில் இல்லை. இந்தியராக இருப்பது குறை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையையும் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். அதே ஆறு மாத அவகாசத்தை அவர்களுக்கும் கொடுத்திருந்தால் இரண்டு அரசுகளுக்கும் என்ன நட்டம் வந்திருக்கும்?