கன்சல்டன்சி ஆரம்பிக்கலாம், பில்லை யார் வசூல் பண்ணுவது?

கம்பெனியில் இருபது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தாயிற்று, எனர்ஜி ஆடிட்டர் (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்கிறவர்) பரீட்சையும் பாஸ், இனி எதற்கு இன்னொருவரிடம் கைகட்டி நிற்க வேண்டும், தனியாக கன்சல்டன்சி போட்டுவிடலாமா என்று கோவைப் பக்கம் நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் லோகோ, வெப்சைட், விசிட்டிங் கார்டு பற்றித்தான் கேட்கிறார்கள். பணம் எப்போது கைக்கு வரும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் பார்ப்பது ஸ்பின்னிங் மில்களுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் எனர்ஜி ஆடிட். வேலை என்னவோ சுகமான வேலைதான். மில் நிற்கிற நாளில் போய், மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, எவ்வளவு நேரம் லோடு எடுத்துக் காற்றை அழுத்துகிறது, எவ்வளவு நேரம் சும்மா சுற்றுகிறது என்று வாட்சைப் பார்த்துக் குறித்தால் போதும், லைனில் எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று கணக்கு வந்துவிடும். ஒரு மெஷின்கூட ஓடாதபோது இது ஏன் இத்தனை தடவை லோடு எடுக்கிறது என்று முதலாளி கேட்பார் பாருங்கள், அந்த இடத்தில் நமக்கே ஒரு கெத்து.

சிரமம் அதற்கு அப்புறம். ஒரு லட்சம் ஃபீஸ் என்று வையுங்கள். ஜிஎஸ்டி எடுத்திருந்தால் 18 சதவீதம் சேர்த்து 1,18,000 என்று பில் போடுவோம். அவர்கள் ஃபீஸில் 10 சதவீதம் டிடிஎஸ் (நம் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடித்துக்கொண்டு 1,08,000 தருவார்கள், அதுவும் தரும்போது. அவர்கள் தந்தாலும் தராவிட்டாலும் பில் தேதியை வைத்து அந்த 18,000-ஐ நாம் கட்டியாக வேண்டும். அதாவது வராத காசுக்கு வரி. அதனால் நான் முதலில் புரொஃபார்மா, அதாவது வரிக் கணக்கில் சேராத உத்தேச பில், மட்டும்தான் அனுப்புவேன், பாதி அட்வான்ஸ் வராமல் மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பமாட்டேன். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் டர்ன்ஓவர் வரை ஜிஎஸ்டி கட்டாயமில்லை, ஆரம்பத்திலேயே கௌரவத்துக்காக நம்பர் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு மட்டும் முதல் நாளே செய்யுங்கள், இலவசம்தான். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், புகார் கொடுக்க அரசின் ஆன்லைன் போர்ட்டலும் இருக்கிறது. இருக்கிறது, சரி, யார் கொடுப்பார்கள்? இந்த ஊரில் மில்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம், ஒருவர் மேல் புகார் போட்டால் பத்து மில் கேட் மூடிவிடும்.

உண்மையில் வேலை செய்வது வேறொரு விதி. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியை, கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியும் என்று 2023 பட்ஜெட்டில் கொண்டுவந்தார்கள். பில்லில் உத்யம் நம்பரைப் போட்டுவிட்டு, மார்ச் மாதம் முதலாளியைத் தொந்தரவு செய்யாமல் அவருடைய கணக்கு ஆடிட்டரிடம், "சார், நம்ம பில் ஒண்ணு நிலுவையில இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வருஷம் பூரா நகராத செக் அந்த வாரம் நகரும்.

அப்புறம் இந்த ஓசி ஆலோசனை. "சும்மா ஒரு நடை வந்துட்டுப் போங்க சார், டீ சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்பார்கள். போனால் டீயோடு எலெக்ட்ரீஷியனும் நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பார். முதல் விசிட்டுக்கே ஒரு தொகை சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. முகம் சுளிக்கிறவர் பின்னாலும் தரப்போவதில்லை.

சேமிப்பில் பங்கு தருகிறேன் என்பவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் நூலின் கவுண்ட் (மெல்லியதா தடிமனா என்ற அளவு) மாறும், ஷிப்ட் மாறும், மின்வாரியம் கட்டணத்தை ஏற்றும், பில் தொகை பழையபடி மேலே போய் நிற்கும். "எங்கங்க மிச்சமாச்சு?" என்று அவர் கேட்டால், அதை நிரூபிக்க இன்னொரு ஆடிட் வேண்டும். அதற்கு யார் ஃபீஸ் தருவது?