கேமிங் ரவுட்டர் வாங்கும் முன் மோடத்தைப் பீரோ மேலிருந்து இறக்குங்கள்

அக்கா மகன் போன மாதம் ஒரு லிங்க் அனுப்பினான். கேமிங் ரவுட்டராம். எட்டு ஆண்டெனா, நடுவில் சிவப்பு விளக்கு, பார்த்தால் மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. விலை முப்பதாயிரத்தைத் தொடுகிறது. "மாமா, இதை வாங்கினா பிங் குறையுமா?" என்று கேட்டிருந்தான். பிங் என்றால் விளையாட்டின் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். கொஞ்ச நேரத்தில் அக்காவும் கூப்பிட்டு, "நிஜமாத்தான் கேக்கிறானா, இல்ல ஏமாத்துறானா?" என்றாள்.

பையன் மேல் தப்பில்லை. பெட்டியில் ஏஎக்ஸ் 11000 என்று போட்டிருந்தால் யாராக இருந்தாலும் 11,000 எம்பிபிஎஸ் வேகம் என்றுதான் நினைப்பார்கள். அது மூன்று அலைவரிசைகளின் உச்சத்தைக் கூட்டிப் போட்ட கணக்கு: 1148, 4804, இன்னொரு 4804. ஒரு போன் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஒட்டியிருக்கும். இரண்டு ஆண்டெனா வைத்த வைஃபை 6 போனுக்கு, வழக்கமான 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், காகிதத்திலேயே 1201தான் உச்சம். அக்கா வீட்டில் எடுத்திருப்பதோ 100 எம்பிபிஎஸ் திட்டம். கிணற்றில் முழங்கால் தண்ணீர், அதற்குப் பத்து எச்பி மோட்டார்.

தவிர, ஆன்லைன் விளையாட்டுக்கு வேகமே பெரிதாக வேண்டாம். டவுன்லோடு செய்யும்போதுதான் ஜிபி கணக்கில் இழுக்கும். ஆடும்போது போய்வருவது துளித் துளியான தகவல். அது எவ்வளவு சீக்கிரம் போய்த் திரும்புகிறது என்பதுதான், அதாவது பிங்தான், முக்கியம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டர் என்று வைத்தால் போய்வர 30 மில்லிசெகண்ட் கட்டாயம் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். இதில் வீட்டு ரவுட்டர் செய்ய ஒன்றுமே இல்லை.

சரி, அப்படியானால் அவனுக்கு ஏன் லேக் அடிக்கிறது, ஆட்டம் ஏன் திக்கித் திக்கிப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். வைஃபை தரும் மோடம் ஹாலில் ஸ்டீல் பீரோ மேல் இருந்தது. தூசி படியக்கூடாது என்று அக்கா அதற்கு ஒரு துண்டு வேறு போர்த்தியிருந்தாள். பையன் கம்ப்யூட்டர் இரண்டு சுவர் தாண்டி, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அந்த அலைவரிசையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அபார்ட்மென்டில் கண்ணில் பட்ட வைஃபை பெயர்களோ பதினெட்டு. கம்ப்யூட்டரிலிருந்து மோடத்துக்கே, அதாவது அதன் முகவரியான 192.168.1.1க்கு, பிங் போட்டுப் பார்த்தேன். மில்லிசெகண்டில் 4, 6, 180, 5, 240. வீட்டைத் தாண்டும் முன்பே இந்தக் கதி!

இருபது மீட்டர் கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்கி, மோடத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை, வாசல் நிலை ஓரமாக இழுத்து, கிளிப் அடித்தோம். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது மோடத்துக்குப் பிங் 1க்கும் கீழே.

ஆனால் சாயங்காலம் மறுபடி குதித்தது. இந்த முறை காரணம் அக்காவின் போன். கல்யாண வீட்டு வீடியோக்கள் பேக்கப் ஏறிக்கொண்டிருந்தன. அப்லோடு நிரம்பினால் மோடத்துக்குள் வரிசை நீண்டுவிடும். விளையாட்டின் துளித் தகவலும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். கேமிங் ரவுட்டருக்கு ஆதரவாகப் பேசினால் இந்த ஒரு இடத்தில்தான் பேச முடியும்: அதில் விளையாட்டுக்கு முன்னுரிமை தரும் வசதி இருக்கும். ஆனால் எஃப்கியூ கோடெல் என்ற வரிசை ஒழுங்கு முறை 2018லேயே ஆர்எஃப்சி 8290 என்ற பொது இணைய ஆவணமாக வெளிவந்துவிட்டது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏறுகிற சாதாரண ரவுட்டர் ஒன்று இருந்தால், வேக வரம்பை நம் இணைப்பை விடச் சற்றுக் குறைவாக வைத்துவிட்டு இதே வேலையை வாங்கலாம். அக்கா வீட்டில் அதுகூடத் தேவைப்படவில்லை, பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றிவிட்டேன்.

மாடி வீடு, இருபது கருவி, 500 எம்பிபிஎஸ் இணைப்பு என்று இருப்பவர்கள் நல்ல ரவுட்டரோ, பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் மெஷ்ஷோ தாராளமாக வாங்குங்கள். நண்டு மட்டும் வேண்டாம்.

மோடத்தைப் பீரோ மேலிருந்து இறக்கி டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று வீடியோ காலில் பார்த்தால் துண்டு மறுபடி அதன் மேல். பையன் ஒன்றும் சொல்லவில்லையாம், அவன்தான் கேபிளுக்குப் போய்விட்டானே.