அரவிந்த் திரிவேதி வேலையில்லாமல் முடங்கியவர் அல்ல

தூர்தர்ஷன் ‘ராமாயண’த்தில் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி, ‘அதற்குப் பிறகு வாய்ப்பே கிடைக்காமல் காணாமல் போனார், 2021 மே மாதம் இறந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

இந்தியை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் ராவணனாவதற்கு முன்பே குஜராத்தி நாடகத்திலும் சினிமாவிலும் பெயர் எடுத்தவர் அவர். 1991 தேர்தலில் சபர்காண்டா தொகுதியில் பாஜக சார்பில் வென்று 1996 வரை மக்களவை உறுப்பினராக இருந்தார். அப்புறம் 2002-03இல் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் பொறுப்புத் தலைவர்.

மே மாதம் வந்தது வெறும் வதந்தி. லட்சுமணனாக நடித்த சுனில் லாஹ்ரியே அதை மறுத்தார். திரிவேதி காலமானது அக்டோபர் 5ஆம் தேதி, மும்பையில்.

இந்தி ஒரு வார்த்தை புரியாமலே, ஞாயிறு காலையில் அந்தச் சிரிப்புக்குப் பயந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான். 2020 பொதுமுடக்கத்தில் தொடரை மறுபடி போட்டபோது பரவிய வீடியோவைப் பாருங்கள். வீட்டு டிவியில் சீதையைத் தான் தூக்கிச் செல்லும் காட்சி ஓடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் அந்த 81 வயது மனிதர் கைகூப்புகிறார். உடம்பு தளர்ந்திருந்தது உண்மைதான். அது முதுமை. அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள்.