ஈறு ஆபரேஷன்: மைக்ராஸ்கோப்புக்குப் பணம் கொடுக்கலாமா?

ஈறு ஆபரேஷனை மைக்ராஸ்கோப் வைத்துச் செய்தால் நல்லதா, வழக்கமான முறையே போதுமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்வதே இல்லை: என்ன ஆபரேஷன்? பதில் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஈறு இறங்கி முன்பல்லின் வேர் தெரிகிறது, மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து வைத்து அதை மூடப்போகிறார்கள் என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் மைக்ராஸ்கோப்தான். நம் குமரி மாவட்டத்தில் இந்தத் தொல்லைக்கு ஆள் குறைவில்லை. உமிக்கரியை அழுத்தித் தேய்த்த தலைமுறை, பிரஷ் வந்த பிறகும் அதே வேகத்தில் குறுக்கே இழுத்தது. வைத்த சதை பிழைக்க ரத்தம் வேண்டும். அடியில் இருப்பதோ வெறும் வேர், அதிலிருந்து ஒன்றும் வராது. சுற்றியுள்ள ஈறுதான் கொடுக்க வேண்டும். அதனால் வெட்டு சுத்தமாக இருப்பதும், ஓரங்கள் நெருக்கமாகப் பொருந்துவதும் முக்கியம்.

தையல் நூலையே பாருங்கள். வழக்கமாக 4-0, 5-0 போடுவார்கள். மைக்ராஸ்கோப்பில் 6-0, 7-0, இன்னும் மெல்லியதும் உண்டு. எண் கூடக்கூட நூல் மெலியும். 7-0 என்பது சுமார் 0.05 மில்லிமீட்டர். தடித்த நூலை அதிகமாக இழுத்தால் ஈறு கிழியும். 7-0 நூலை இழுத்தால் நூல்தான் அறும், ஈறு தப்பிக்கும்! எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

2005இல் பர்க்ஹார்ட், லாங் என்ற ஈறு மருத்துவர்கள் இருவரும் 10 பேருக்கு இந்த வேர் மூடும் ஆபரேஷனை, ஒரே வாயில் ஒரு பக்கம் மைக்ராஸ்கோப்பிலும் மறுபக்கம் வழக்கமான முறையிலும் செய்து பார்த்தார்கள். ஏழாம் நாள் ரத்த ஓட்டம் திரும்பியது மைக்ராஸ்கோப் பக்கம் சுமார் 85 சதவீதம், மறுபக்கம் 64. ஒரு வருடம் கழித்து வேர் மூடியிருந்தது 98 சதவீதம், மறுபக்கம் 90. பத்தே பேர்தான், சரி. 90ம் மோசமில்லை. ஆனால் சிரித்தால் தெரிகிற பல்லுக்கு அந்த எட்டு சதவீதம் எனக்குப் பெரிது.

தக்கலையில் இருக்கிற என் மாமியின் கதை வேறு. கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு விலகி ஆழமாகப் பை விழுந்து, உள்ளே காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, கட்டியிருக்கிறது. ஈறைத் திறந்து, வேரைச் சுரண்டி, தைக்க வேண்டும். பெரிதாகத் தெரிந்தால் ஒளிந்திருக்கும் காரையும் கண்ணில் படும், மறுக்கவில்லை. ஆனால் மாமிக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. சாப்பிட்டதும் புகையிலையோடு வெற்றிலை. “அதை மட்டும் விடச் சொல்லாத மக்கா” என்கிறார். இந்த நிலையில் திருவனந்தபுரம் போய் எந்தக் கருவியில் செய்தாலும் பை திரும்ப விழும். அந்தப் பணத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை உள்ளூரிலேயே சுத்தம் செய்துகொள்ளலாம்.

இடையில் லூப் என்று ஒன்று இருக்கிறது: டாக்டர் கண்ணாடியோடு மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. இரண்டரை முதல் நாலரை மடங்கு வரை பெரிதாகக் காட்டும். நிறைய வேலைக்கு அதுவே போதும். மைக்ராஸ்கோப்பை வாங்கி மூலையில் நிறுத்தியிருப்பவரை விட, லூப்பில் கை பழகியவரே மேல். எத்தனை காலமாக இப்படிச் செய்கிறீர்கள், என்ன நூல் போடுவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நூல் எண்ணைச் சொல்லவே தடுமாறினால், நான் அந்த நாற்காலியிலிருந்து இறங்கிவிடுவேன்.