கவர் லெட்டர் வெறும் சம்பிரதாயம் இல்லை

"கவர் லெட்டரை யாரும் படிப்பதில்லை. சட்ட மாணவர்கள் ரெஸ்யூமேயில் இருப்பதையே நாலு வாக்கியமாக்கி எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினால் போதும்" என்று, வேலைக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயோடு சேர்த்து அனுப்பும் கடிதத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் வாய்ப்பை இழந்துவிடக் கூடாது. மனு, சட்டக் கருத்துரை, ஒப்பந்தம் என்று வழக்கறிஞர் வேலையில் பெரும்பகுதி எழுத்துதான். அதனால் அந்த ஒரு பக்கம் உங்கள் எழுத்துக்கு முதல் மாதிரி.

"மாதிரி நீதிமன்றப் போட்டியில் (கற்பனை வழக்கில் மாணவர்கள் வாதாடும் போட்டி) பங்கேற்றேன்" என்பதை ரெஸ்யூமேயே சொல்லிவிடும். கடிதம் அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒரு தீர்ப்பு குறுக்கே வந்தபோது, அந்த வழக்கின் சங்கதிகள் உங்கள் வழக்கிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்று எப்படிப் பிரித்துக் காட்டினீர்கள்? இதை நாலைந்து வரியில் விளக்கினாலே போதும், "எனக்கு ஆராய்ச்சித் திறன் உண்டு" என்று தனியாக எழுதத் தேவையில்லை.

ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால், முந்தைய அலுவலகத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்கும். சரி, பெயரை மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். குற்ற வழக்கு நடத்தும் அலுவலகத்துக்கும் நிறுவன ஒப்பந்தங்கள் பார்க்கும் அலுவலகத்துக்கும், 'இங்கே ஏன் சேர விரும்புகிறேன்' என்பதற்கு ஒரே காரணம் எப்படிப் பொருந்தும்?

அப்புறம் ஒன்று. இன்டர்ன்ஷிப் அனுபவத்தை எழுதும்போது கட்சிக்காரர் (வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தவர்) பெயரையோ வழக்கின் ரகசிய விவரங்களையோ தயவுசெய்து எழுதாதீர்கள். "ஒரு சொத்துத் தகராறில் ஆவணங்களைத் தேதிவாரியாகத் தொகுத்தேன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.