அடுத்தவருக்குக் கிடைத்தால் நமக்குக் குறையுமா?

காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றியாளன், செல்வம் என்னைத் தேடி வருகிறது’ என்று பத்து தடவை சொல்லச் சொல்லும் வீடியோக்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. காசா பணமா, சொல்லிவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். ஆனால் 2009-இல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களை ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமானது. ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கிறவன் ‘யாருகிட்ட கதை விடுற?’ என்று கேட்டுவிடுகிறான் போல.

இப்படிச் சொல்லிச் சொல்லி வரவழைக்கப் பார்க்கும் நிறைவான மனம், அதாவது ‘அடுத்தவருக்குக் கிடைத்தாலும் எனக்குக் குறையாது’ என்ற எண்ணம், ஒருவருக்கு நிஜமாகவே இருக்கிறதா என்பது, பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது நல்லது நடக்கும்போதுதான் தெரியும் என்பது என் கட்சி.

வேலைவாய்ப்பு அறிவிப்பு ஒன்று கண்ணில் படுகிறது. நமக்கும் பொருந்தும், கூடப் படித்த நண்பனுக்கும் பொருந்தும். ஃபார்வர்டு அழுத்தி, அவன் பெயரையும் தொட்டாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அங்கே விரல் நிற்கும். ‘அவனும் விண்ணப்பித்தால் நமக்குக் கிடைக்குமா?’ அடுத்த நொடியே சமாதானமும் தயார்: ‘அவனுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.’ (கடைசித் தேதி முடிந்த மறுநாள் ‘அடடா, நீ பார்க்கலையா?’ என்று அனுப்புகிறவர்கள் தனி ரகம்.)

இருப்பது ஒரே காலியிடம் என்றால் அந்தப் பயம் பொய்யில்லை. எல்லாருக்கும் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் சும்மா அளந்துவிடுவது. ஆனால், கொடுத்தால் குறையாதவற்றுக்கும் நாம் இதே கணக்கைப் போடுகிறோமே, அங்கேதான் கோளாறு. பாராட்டு, கற்ற வித்தை, ஓர் அறிமுகம். இவற்றில் எது கொடுத்துக் குறைந்தது? அலுவலகத்தில் எக்செல் தெரிந்த ஒருவர் இருப்பார். ‘எப்படிப் போட்டீங்க?’ என்று கேட்டால், மடமடவென்று தட்டிவிட்டுத் திரையை மூடிவிடுவார். ‘எனக்கு அனுப்புங்க, நானே போட்டுத் தரேன்.’ சரி, வருடக்கணக்காக அவரேதான் போட்டுத் தருகிறார். விடுப்பு எடுத்தாலும் போன் அவருக்குத்தான் போகிறது.

இது ஏதோ சிலருக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். 1998-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில் இரண்டு உலகங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றில் நல்ல வருமானம், ஆனால் மற்றவர்களுக்கு உங்களைவிட அதிகம். இன்னொன்றில் உங்கள் வருமானம் பாதிதான், ஆனால் மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாவதைத்தான் கேட்டார்கள். அதனால் முதலில் எழும் பொறாமைக்காக யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அது பாட்டுக்கு வந்து போகட்டும். மெசேஜை அனுப்பிவிட்டால் போதும்.

இதையெல்லாம் கழுத்து வரை கடனில் இருப்பவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. அதே விவசாயி, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நேரத்தில் சிந்தனைத் திறன் சோதனைகளில் பின்தங்கினார். அறுவடை முடிந்து பணம் வந்ததும் நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. பணமுடை மூளையின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் மிச்சத்தில் என்னதான் ஓடும்? அப்படிப்பட்டவரிடம் ‘பாசிட்டிவா யோசி’ என்பது, நம் மனசு குளிரச் சொல்வது. அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கலாம். பணமாகத் தருவதென்றால், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையைத் தரலாம். அப்புறம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பேச்சு பேசலாம்.